கையில் வந்த சேமலாப நிதி: வைப்பா, வாடகையா, காணியா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் ஓர் ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் மனைவியோடு என் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், பணிக்கொடைக் கணக்கு, மச்சான் விற்கப் பார்க்கும் அன்புவழிபுரத்துக் காணியின் உறுதிப் பிரதி, உப்புவெளி வளவுக்குள் கட்ட நினைக்கும் இரண்டறை வீட்டுக்கு மேசன் பென்சிலால் கீறிக் கொடுத்த படம். எல்லாம் சேர்த்து வரப்போகும் காசு கிட்டத்தட்ட 50 லட்சம்.

"இதில எதைச் செய்தால் மாதம் கூடக் காசு வரும்?" என்று அவர் கேட்டார். மனைவி அதுவரை ஒன்றும் கதைக்கவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "எதைச் செய்தால் இவர் இல்லாட்டியும் எனக்கு வரும்?" என்றார்.

வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் பல வருடம் இருந்தவன் நான். முதல் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவது கேள்வியை அனேகமாக மரணச் சான்றிதழோடு வரும்போதுதான் கேட்பார்கள். அதனால் இந்த ஒப்பீட்டை அந்த அக்காவின் கேள்வியை முன்னால் வைத்துத்தான் எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது?

வட்டி வீதம் கடைசியில் பார்க்க வேண்டியது. அதற்கு முன் நான்கு விஷயம் இருக்கிறது.

ஒன்று, மாதாமாதம் தவறாமல் வருமா? மருந்துக்கும் கரண்ட் பில்லுக்கும் சீசன் கிடையாது.

இரண்டு, சாமான் விலையோடு சேர்ந்து ஏறுமா? மத்திய வங்கி தனக்கு வைத்திருக்கும் பணவீக்க இலக்கே 5 சதவீதம். எல்லாம் நன்றாக நடந்தாலும் வருடத்துக்கு 5 வீதம் விலை ஏறும் என்பதுதான் அதன் பொருள். அந்தக் கணக்கில் பதினான்கு வருடத்தில் விலை இரண்டு மடங்கு. இன்று 70,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு, 60 வயதுக்காரர் 74 ஐத் தொடும்போது 1,40,000 தேவை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்துக்குப் போனதையும் நாம் பார்த்தோம். அந்த வருடம் ஓய்வு பெற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மூன்று, அவசரத்துக்கு எத்தனை நாளில் கைக்கு வரும்? இரவோடிரவாகக் கொழும்புக்கோ கண்டிக்கோ நோயாளியை ஏற்றிக்கொண்டு போக வேண்டி வந்தால், பத்து பேர்ச் காணி டீசலுக்கு உதவாது.

நான்கு, 75 வயதில் இதை நடத்த முடியுமா? அதுவும் நீங்கள் அல்ல, இதுவரை வங்கிப் பக்கமே போகாத உங்கள் மனைவி தனியாக நடத்த முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. அதை எந்தப் பட்டியலிலும் போட மாட்டார்கள்: இந்தக் காசை யார் யார் கேட்பார்கள்? சேமலாப நிதி வந்துவிட்டது என்ற செய்தி மூன்று நாளில் சொந்தம் முழுக்கப் பரவிவிடும். மருமகனின் வெளிநாட்டு ஏஜென்சிக் காசு, தம்பியின் த்ரீவீலர் லீசிங், கோயில் திருப்பணி. சுலபமாக எடுக்கக்கூடிய காசு சுலபமாகப் போய்விடும்.

அரச பென்சன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு மாதச் சம்பளம்போல ஓய்வூதியம் சாகும்வரை வரும், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்தில் மனைவிக்கும் வரும். ஆகவே கையில் கிடைக்கும் பணிக்கொடையைக் கொஞ்சம் துணிந்து பயன்படுத்தலாம். கீழே வருவது முக்கியமாக ஆலை, கடை, ஹோட்டல், கம்பனி என்று தனியார் வேலையில் இருந்து மொத்தமாக ஒரு தொகையோடு வெளியே வருபவர்களுக்கு.

## எடுக்காமலே விடுவது

ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. நிறையப் பேருக்கு இது தெரியாது. வயது வந்ததும் தொழில் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கி 2021 இல் சட்டமும் வந்துவிட்டது. 55 இல் எடுத்து 60 க்குள் செலவழித்துவிட்டு, ஓய்வு பெறும் நாளில் வெறுங்கையோடு நின்ற ஆட்களை எனக்குத் தெரியும்.

உள்ளே கிடக்கும் காசுக்கு வருடாவருடம் வட்டி சேரும். 2022 க்கு 9 சதவீதம், 2023 க்கு 13 சதவீதம் கொடுத்தார்கள். 2023 இல் அரசாங்கம் தான் உள்நாட்டில் பட்ட கடனின் நிபந்தனைகளை மாற்றிய உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குள் இந்த நிதியத்தையும் இழுத்தபோது ஊர் முழுக்கப் பயந்தது. பயத்தில் எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் வேலை தொடர்கிறதென்றால், உடனடித் தேவை இல்லையென்றால், இதைவிடத் தொந்தரவில்லாத இடம் குறைவு. மருமகனுக்கும் எட்டாது.

குறை என்னவென்றால், இதிலிருந்து மாதாமாதம் எடுக்க முடியாது. ஆக, இது சேர்க்கும் காலத்துக்கான வழி. வருமானத்துக்கு வேறு இடம் வேண்டும்.

## வங்கி நிலையான வைப்பு

சரி, காசு கைக்கு வந்துவிட்டது. பெரும்பாலானோர் போகும் இடம் இதுதான். கணக்குக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 50 லட்சத்துக்கு வருடம் 4 லட்சம், மாதம் 33,000 சொச்சம். அண்ணன் இதைக் கேட்டு முகம் சுளித்தார். முப்பத்தொரு வருட உழைப்புக்கு இவ்வளவுதானா என்று.

நான் இன்னும் கொஞ்சம் சுளிக்க வைத்தேன். அந்த 33,000 ஐ முழுதாகச் சாப்பிட்டால் முதல், அதாவது போட்ட காசு, அப்படியே 50 லட்சமாக நிற்கும். விலைவாசி அதன் பெறுமதியைப் பதினான்கு வருடத்தில் பாதியாக்கிவிடும். 8 வீத வட்டியும் 5 வீத விலையேற்றமும் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் விலைக்கேற்பக் கூட்டி எடுத்துக்கொண்டே போய், 25 வருடத்தில் முதலும் தீர்ந்துபோகும்படி கணக்குப் போட்டால், முதல் வருடம் மாதத்துக்கு எடுக்கக்கூடியது ஏறத்தாழ 23,500 ரூபாய். இந்த இலக்கத்தை எந்த வங்கி விளம்பரத்திலும் காணமாட்டீர்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

வட்டியில் 10 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இது 5 சதவீதமாக இருந்தது. வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் சுயபிரகடனப் படிவம் கொடுத்து இந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். கவுண்டரில் இருப்பவர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள். மேலே சொன்ன கணக்கில் வருடத்துக்கு 40,000 ரூபாய் விஷயம் அது.

மாதாமாதம் வட்டி எடுக்கும் வைப்புக்கு, முதிர்வில் எடுப்பதைவிட வீதம் குறைவாக இருக்கும். இடையில் உடைத்தால் வட்டியில் வெட்டு விழும். 60 வயது கடந்தவர்களுக்கு 10 லட்சம் வரையான ஓராண்டு வைப்புக்குச் சாதாரண வட்டிக்கு மேல் 3 சதவீதம் தரும் திட்டம் 2025 யூலையில் வந்தது. தகுதியிருந்தால் விடாதீர்கள். ஆனால் அதை நம்பி ஆயுள் கணக்குப் போட வேண்டாம். முன்பும் முதியோருக்கு 15 சதவீத வட்டித் திட்டம் ஒன்று இருந்தது; நெருக்கடியோடு அது நின்றுபோனது.

எத்தனை வருடத்துக்குப் போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 2021 இல் குறைந்த வட்டிக்கு ஐந்து வருடம் பூட்டியவர்கள் அடுத்த வருடமே தலையில் கை வைத்தார்கள். 2022 கடைசியில் 20 வீதத்துக்கு மேல் கிடைத்த நேரம் ஐந்து வருடத்துக்குப் போட்டவர்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் முன்கூட்டிச் சொல்லக்கூடிய ஆள் எவரும் இல்லை, நான் உட்பட. அதனால் தொகையை ஐந்தாகப் பிரித்து ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஐந்து வரை போடுங்கள். வருடத்துக்கு ஒன்று முதிரும். அன்றைய வீதம் நல்லதோ கெட்டதோ, முழுக் காசும் ஒரே நாளில் மாட்டாது.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். என் கவுண்டருக்கு ஒருமுறை ஓர் அம்மா சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி, அதன் மேல் ரப்பர் பட்டி போட்டுக் கொண்டுவந்தார். ஐந்து வைப்பு, ஐந்தும் கணவர் பெயரில் மட்டும். தனக்குப் பிறகு காசைப் பெறும் பின்னுரித்தாளரின் பெயர் எழுதும் இடம் ஐந்திலும் வெறுமை. அவர் செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. காசு அந்த அம்மாவுக்குத்தான் என்று எனக்கும் தெரியும், மனேஜருக்கும் தெரியும், தரத்தான் முடியவில்லை. கூட்டுப் பெயரில், 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்' என்று போட்டிருந்தால் ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்கும்.

வைப்புக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. யாராவது கடன் கேட்டால், "வைப்பில கிடக்கு, உடைச்சால் வட்டி போயிடும்" என்று பழுதில்லாமல் சொல்லலாம். உறவும் முறியாது.

## நிதி நிறுவன வைப்பு

வங்கியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடத் தருகிறார்கள் என்பார்கள். அந்த ஒன்றிரண்டு சதவீதம் உங்கள் பயத்துக்கான கூலி. 2008 இல் கோல்டன் கீ கடனட்டை நிறுவனம் விழுந்ததும், 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்ததும் ஓய்வூதியக் காசு போட்டிருந்த எத்தனையோ பேரின் நித்திரையைக் கெடுத்தன. அனுமதி பெற்ற நிறுவனம் என்றால் வைப்புக் காப்புறுதி இருக்கிறது. ஆனால் அது ஓர் ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரைதான். ஆசை விடவில்லையென்றால் அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். மத்திய வங்கியின் பட்டியலில் பெயர் இல்லாத இடம் என்றால் வாசலோடு திரும்பி வாருங்கள். தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு அரசாங்க உத்தரவாதம் இருக்கிறது. நித்திரை வேண்டுபவர்களுக்கு அது போதும்.

## திறைசேரி உண்டியல், முறி

அரசாங்கத்துக்கு நேராகக் கடன் கொடுப்பது. உண்டியல் 91, 182, 364 நாளுக்கு. முறி வருடக்கணக்கில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 2022 கடைசியில் உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியபோது திருகோணமலையிலும் இதன் பெயர் பரவியது. இப்போது வங்கி வைப்போடு அதிக வித்தியாசம் இல்லை. அரசாங்கம் என்பதால் பயமே வேண்டாம் என்பார்கள். கடன் மறுசீரமைப்பைக் கண்ட நாட்டில் அதை முழுதாக நம்பிவிடாதீர்கள்.

கடிதமும் கணக்கு அறிக்கையும் ஆங்கிலத்தில் வரும், முதிரும் நாளை நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யக்கூடியவருக்கு நல்லது. 75 வயதில் தனியாக இருக்கப்போகும் அக்காவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## வளவுக்குள் ஒரு வாடகை வீடு

அண்ணனின் மனது இங்கேதான் கிடந்தது. கணக்கைப் பார்ப்போம். 35 லட்சத்தில் கட்டி, மாதம் 25,000 க்கு விடுகிறார் என்று வையுங்கள். வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், ஆக 2,75,000. பராமரிப்புக்கு 35,000 கழித்தால் 2,40,000, மாதம் 20,000. அதே 35 லட்சம் 8 வீத வைப்பில் மாதம் 23,333 தரும். முதல் நாளில் வைப்புத்தான் வெல்கிறது.

ஆனால் வாடகை நிற்காது. வருடத்துக்கு 5 வீதம் ஏறினால் நாலு வருடத்தில் வைப்பை எட்டிப் பிடிக்கும். பத்து வருடத்தில் மாதம் 32,000 ஐத் தாண்டும். வட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்போதும் அதே 23,333 இல்தான் இருப்பார். விலைவாசியோடு தானாக ஏறும் வருமானம் நம் ஊரில் சாதாரண ஆட்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதென்றால், அது இந்த வாடகைதான்.

என் பக்கத்து வளவுக்காரர் 2016 இல் இப்படி ஒன்று கட்டினார். அழகான கிறில் போட்டார். மூன்றாவது மாரிக்குள் பிணைச்சல் எல்லாம் துருவேறி, ஜன்னலைத் திறந்தால் மூட முடியாது, மூடினால் திறக்க முடியாது. கடலிலிருந்து இருநூறு மீற்றர் தூரத்தில் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. தண்ணீர் மோட்டர் இரண்டு தரம் மாற்றினார். கார்த்திகை மழையில் கூரை ஒழுக, குடியிருந்தவர் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி வாளி கேட்டார். வளவுக்காரருக்கு அப்போது 71 வயது. கூரையில் ஏற ஆள் தேடினால் வாரம் ஆகும்.

கட்டுவதானால் அலுமினியம் போடுங்கள். மேசன் சொன்ன மதிப்பீட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். சொந்தக்காரருக்கு வாடகைக்கு விடாதீர்கள். வாடகை கூட்டவும் முடியாது, எழுப்பவும் முடியாது. நொத்தாரிசு மூலம் ஒப்பந்தம் எழுதாமல் திறப்பைக் கொடுக்காதீர்கள்.

வெள்ளைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் என்ன என்று உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் எல்லோரும் கேட்கிறார்கள். நம் கடற்கரைக்குச் சீசன் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. அதற்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும். 2019 இல் சீசன் தொடங்கும் நேரம் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, 2020, 2021 இல் கொரோனா, 2022 இல் எண்ணெய் இல்லை. தொடர்ந்து நான்கு சீசன். கடனில் கட்டியவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று தெரியும்தானே. முன்பதிவுத் தளங்கள் 15 வீதமளவில் கழிவு பிடிக்கும், பதிவும் பிரதேச சபை அனுமதியும் வேண்டும், படுக்கை விரிப்பு தோய்க்க ஆள் வேண்டும். அது ஒரு தொழில். வீட்டில் கெட்டிக்கார மகளோ மருமகளோ இருந்து நடத்தினால் செய்யலாம். ஓய்வு என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது.

## காணி

மச்சானின் அன்புவழிபுரத்துக் காணி. விலை ஏறும், சந்தேகமில்லை. ஆனால் வெறுங்காணி மாதம் ஒரு ரூபாய் தராது. வேலி அடைக்கவும் பற்றை வெட்டவும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். வாங்கும்போது முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், நொத்தாரிசுக் கூலி வேறு.

நம் மாவட்டத்தில் முதல் கேள்வி விலை அல்ல, உறுதிக் காணியா அனுமதிப்பத்திரக் காணியா என்பதுதான். அனுமதிப்பத்திரக் காணி அரசாங்கத்தினுடையது. பிரதேச செயலகத்தின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. "எல்லாரும் இப்படித்தான் வாங்குகினம்" என்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வைத்து வாங்குவது காசைக் கடலில் போடுவதற்குச் சமன். உறுதி என்றாலும், யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தவர்களின் காணிகளில் ஒரே துண்டுக்கு இரண்டு உறுதி வந்த கதைகள் இங்கே எத்தனையோ. காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். மச்சான் என்றாலும்தான்.

45 வயதுக்காரர் என்றால் காணி நல்ல சேமிப்பு. 60 வயதில் வருமானம் தேடுபவருக்குப் பொருந்தாது.

## நகை, சீட்டு, பிள்ளைகளின் காசு

பவுன் விலை 2025 இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. பணவீக்கத்துக்கு நல்ல மருந்து, அரை மணித்தியாலத்தில் அடகு வைக்கலாம். ஆனால் வருமானம் தராது. நகையாக வாங்கினால் கூலியும் சேதாரமும் திரும்பி வராது.

சீட்டு, பிடிக்கிறவர் நல்லவராக இருக்கும்வரை நல்லது. சின்னச் செலவுக்குச் சரி, ஓய்வுக் காசுக்குச் சரியில்லை.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை அனுப்பும் காசை யாரும் முதலீடு என்று எண்ணுவதில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போனபோது, நம் ஊரில் தடுமாறாமல் நின்ற வீடுகள் அவைதான். வந்த டொலரை உடனே மாற்றாமல் வெளிநாட்டு நாணயக் கணக்கில் கொஞ்சம் விட்டுவைக்கலாம். பிள்ளைக்கும் அங்கே வீட்டுக் கடன், பள்ளிக்கூடச் செலவு என்று இருப்பதால் இதையே முழுக்க நம்பிவிடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | மாத வருமானம் | விலையோடு ஏறுமா | அவசரத்துக்கு | 75 வயதில் தனியாக |
|---|---|---|---|---|
| வங்கி வைப்பு | உண்டு | இல்லை | ஒரே நாள், வட்டி வெட்டு | இலகு, கூட்டுப் பெயர் என்றால் |
| நிதி நிறுவனம் | உண்டு | இல்லை | ஒரே நாள், நிறுவனம் நின்றால் | கவலை |
| திறைசேரி உண்டியல், முறி | முறிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை | இல்லை | சில நாள் | கொஞ்சம் கடினம் |
| வாடகை வீடு | உண்டு, இடைக்கிடை காலி | ஏறும் | விற்க மாதக்கணக்கு | உதவி வேண்டும் |
| சுற்றுலா அறை | அரை வருடம் | ஏறும் | விற்க மாதக்கணக்கு | முடியாது |
| வெறுங்காணி | இல்லை | மதிப்பு ஏறும் | வருடமும் ஆகலாம் | எல்லைச் சண்டை |
| நகை | இல்லை | ஏறும் | அரை மணித்தியாலம் | இலகு, களவுப் பயம் |

## யாருக்கு எது

வளவும் உடம்பில் தெம்பும் இருந்து, பக்கத்தில் பிள்ளை ஒருவரும் இருந்தால் பாதியை வாடகை வீட்டில் போடலாம், பாதிக்கு மேல் வேண்டாம். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், நீங்கள் இருவர் மட்டும் என்றால் கூரை ஒழுகும் வருமானம் வேண்டாம்; ஐந்தாகப் பிரித்த வைப்பும், வட்டியில் ஒரு பங்கைத் திரும்ப முதலில் போடும் பழக்கமும் போதும். இன்னும் ஐம்பதுக்குள் இருப்பவர், அதுவும் கடை, மீன்பிடி, த்ரீவீலர் என்று சொந்தத் தொழில் செய்பவர், சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தைப் பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பாருங்கள். தொகை பெரிதல்ல, ஆனால் 60 க்குப் பிறகு மாதாமாதம் வரும்.

அண்ணன் கடைசியில் மேசனின் படத்தில் ஓர் அறையை வெட்டினார். 20 லட்சத்துக்குள் ஓர் அறையும் குசினியும். 25 லட்சம் ஐந்து வைப்பாக, 5 லட்சம் சேமிப்புக் கணக்கில் அவசரத்துக்கு. மச்சானிடம் இல்லை என்று சொல்லும் வேலை அக்காவுக்குக் கொடுக்கப்பட்டது. அவர் அன்றிரவே சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை காலை வங்கியிலிருந்து அண்ணன் தொலைபேசி எடுத்தார். கூட்டுக் கணக்குக்கு அக்காவின் கையெழுத்து வேண்டுமாம், அடையாள அட்டையில் தமிழில் வைத்த கையெழுத்து, இப்போது எழுதினால் அதுபோல வரவில்லையாம், என்ன செய்வது என்று. புதுக் கையெழுத்து வைக்கலாம், மனேஜரைக் கேளுங்கள் என்றேன். பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "அஞ்சிலயும் என்ர பேர் இருக்கோ எண்டு பாத்திட்டு வையுங்கோ."